சண்டே ஸ்கூல் மனப்பாட வசனத்துக்கு எந்த வேதாகமம்? பழையதா, திருவிவிலியமா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். 8 வயதிலிருந்து 11 வயது வரை உள்ள பிள்ளைகள் என் வகுப்பில். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பையன் எழுந்து நின்று 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை ஒரே மூச்சில் சொன்னான்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." ஒரு எழுத்து பிசகவில்லை. "தாழ்ச்சியடையேன்னா என்னய்யா?" என்று கேட்டேன். "கீழ விழ மாட்டேன் டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளைக் கேட்டேன். எனக்குக் குறைவு வராது என்பதுதான் அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே முடிவெடுத்தேன், இனிமேல் மனப்பாட வசனம் திருவிவிலியத்திலிருந்துதான் என்று. ஒரு வருஷம் முழுக்க அப்படியே நடத்தினேன். அடுத்த ஜூன் மாதம் பழைய மொழிபெயர்ப்புக்கே திரும்பி வந்துவிட்டேன். ஏன் போனேன், ஏன் திரும்பினேன் என்று மற்ற ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

பழையது என்று நான் சொல்வது, நம் வீடுகளில் கறுப்பு அட்டை போட்டு இருக்கும் பரிசுத்த வேதாகமம். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. அதன் நடை அதற்கும் முந்தியது. 18-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸ் ஐயரின் நடை அதில் நிறைய இருக்கிறது. திருவிவிலியம் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்தது. விலை, எழுத்தின் அளவு, எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டும் சுலபமாகக் கிடைக்கின்றன, இரண்டும் போனிலும் இருக்கின்றன.

முதலில் திருவிவிலியம் நன்றாகச் செய்வதைச் சொல்கிறேன். யோவான் 3:16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில், "தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு, அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்." இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய மலை. "தேவன்" என்று தொடங்கி அவர் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் வரி முடியப்போகிறது. "கெட்டுப்போகாமல்" என்றவுடன் பிள்ளைகளுக்குப் பாலும் சோறும்தான் ஞாபகம் வரும். திருவிவிலியத்தில், "தம் ஒரே மகன்மீது நம்பிக்கை கொள்ளும் எவரும் அழியாமல் நிலைவாழ்வு பெறும் பொருட்டு அந்த மகனையே அளிக்கும் அளவுக்குக் கடவுள் உலகின் மேல் அன்புகூர்ந்தார்." இதுவும் நீளமான வாக்கியம்தான். ஆனாலும் மகன், நம்பிக்கை, கடவுள், உலகம் எல்லாம் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் பார்த்த சொற்கள். அந்த வருஷம் பிள்ளைகள் வேகமாகப் படித்தார்கள், அர்த்தம் கேட்டால் பதில் வந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசினால் நியாயமாக இருக்காது.

இன்னொரு விஷயத்தில் திருவிவிலியத்துக்குப் பக்கத்தில் பழையது நிற்கவே முடியாது. பழையதில் ஆபிரகாம் "அவன்". மோசே "அவன்". ஒரு பிள்ளை கேட்டாள்: "ஆபிரகாம் தாத்தா மாதிரிதானே இருப்பார்? ஏன் டீச்சர் அவன்னு வாசிக்கிறோம்?" பிறவியிலேயே கண் தெரியாதவரை இயேசு குணமாக்கிய சம்பவம் யோவான் 9-இல் வருகிறது. பழையது "பிறவிக்குருடனாகிய ஒரு மனுஷனை" என்கிறது. திருவிவிலியம் "பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரை" என்கிறது. அந்த அதிகாரத்தில் இயேசு செய்வதே, எல்லாரும் பாவத்தின் அடையாளமாகப் பார்த்த ஒரு மனுஷனை மனுஷனாகப் பார்ப்பதுதான். அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே "குருடன்" என்று உரக்க வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அது சாதாரண நடை, சரி. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள். ஆகவே கதை வாசிக்கும்போது திருவிவிலியம்தான் கையில் எடுப்பேன். அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை.

ஆனால் திருவிவிலியம் என்றாலே எளிமை என்று நினைத்துவிட வேண்டாம். அதே 23-ஆம் சங்கீதம் நாலாம் வசனம். பழையதில் "பொல்லாப்புக்குப் பயப்படேன்". திருவிவிலியத்தில் "எத்தீங்கிற்கும் அஞ்சிடேன்". பயப்படுவது பிள்ளைகள் வாயில் தினமும் இருக்கிற சொல். அஞ்சுவது புத்தகத்தில் மட்டும் வருகிற சொல். முதல் வசனமும் அப்படித்தான் என்னை ஏமாற்றியது. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." குறையில்லை என்பது உடனே புரிந்தது, சந்தோஷம். ஆனால் எங்கள் சபையில் ஆயர் என்றால் அங்கி போட்டு ஆராதனை நடத்துகிற குருவானவர். ஆடு மேய்க்கிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. படம் வரையச் சொன்னபோது இரண்டு பிள்ளைகள் வெள்ளை அங்கியோடு வரைந்து வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் தரிசில் கிடை போடுகிறார்கள். கையில் கம்போடு போகிறவரைக் காட்டி "இவர்தான் மேய்ப்பர்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

சரி, இதெல்லாம் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கணக்கு. இதை வைத்து மட்டும் பார்த்தால் திருவிவிலியம்தான் ஜெயிக்கும். என்னைத் திருப்பியது வேறு. மனப்பாட வசனத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். மீதி ஆறு நாளும் அதை யார் காப்பாற்றுகிறார்கள்?

இந்தக் கேள்வி ஒரு பிள்ளையால் வந்தது. நன்றாகப் படிக்கிற பெண். ஒரு ஞாயிறு வசனம் கேட்டபோது வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் அவள் அம்மா சொன்னார்கள். வீட்டு ஜெபத்தில் "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கியிருக்கிறாள். ஆச்சி பாதியில் நிறுத்தி, "தப்பாச் சொல்லுதியே தாயி, கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்னுல்லா வரும்" என்று திருத்தியிருக்கிறார்கள். டீச்சர் சொன்னது சரியா, ஆச்சி சொன்னது சரியா என்று அந்தப் பிள்ளைக்குக் குழப்பம். அதோடு வீட்டில் வசனம் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஆச்சி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் 60 வருஷமாகச் சொல்லிவரும் சொல் அது. அந்த வாரம் உட்கார்ந்து யோசித்தேன், ஒரு பிள்ளை வசனத்தை எங்கெல்லாம் கேட்கிறது, பார்க்கிறது என்று. காலண்டரில் தினமும் கிழிக்கிற தாளில் ஒரு வசனம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, வருஷம் முழுக்க அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். நிலைவாசலுக்கு மேலே "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்". கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் பெயருக்குக் கீழே இருக்கிற வரி. பிரசங்கத்தில் குருவானவர் பார்க்காமல் சொல்லும் வசனங்கள். கீர்த்தனைகளில் வரும் கர்த்தர், தேவன், கிருபை, இரட்சகர். எங்கள் ஊரில் இவை அத்தனையும் பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள். நான் கற்றுக்கொடுத்த ஒரு வருஷ வசனங்கள் மட்டும் தனியாக, ஒட்ட இடமில்லாமல் நின்றன.

அடுத்த ஜூனில் வகுப்பு தொடங்கியபோது முந்தைய வருஷ வசனங்களைத் திரும்பக் கேட்டேன். வேகமாகப் படித்த அதே பிள்ளைகள்தான். பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. பாதிப் பிள்ளைகள் திருவிவிலியச் சொல்லில் தொடங்கிப் பழைய சொல்லில் முடித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் படித்த பழைய வசனங்கள், அர்த்தம் தெரியாமல் படித்தவைகூட, முழுசாக வந்தன. ஒரு வகுப்பு, ஒரு வருஷம், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனாலும் காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பழைய வசனங்களை நான் சொல்லிக்கொடுத்தபின் வீடும் கோவிலும் காலண்டரும் ஆச்சியும் சேர்ந்து மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மனப்பாடம் என்றாலே அர்த்தம் இல்லாத உருப்போடல் என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. நானே அந்தக் கவலையில்தான் மாற்றினேன். ஆனால் சொல் இருந்தால் அர்த்தத்தைப் பிறகும் வைக்கலாம். "தாழ்ச்சி" என்றால் குறைவு என்று விளக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. போய்விட்ட வசனத்துக்கு எந்த விளக்கமும் கொடுக்க முடியாது. சொற்களைப் பற்றிய பயமும் கொஞ்சம் அதிகம்தான். "ஒத்தாசை" புரியாது என்று நினைத்திருந்தேன். "கல்யாண வீட்டுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க" என்று ஒரு பையனே விளக்கம் சொன்னான்.

சபைகள் ஒருமுறை காதில் விழுந்த சொற்களை லேசில் விடுவதில்லை. 1871-இல் பவர் மொழிபெயர்ப்பு வந்தபிறகும் லுத்தரன் சபைகள் நெடுங்காலம் ஃபப்ரிசியஸையே வைத்திருந்தன. பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெரியவர்களின் மனசு இப்போது நன்றாகப் புரிகிறது.

இதே காரணம் வேறு இடத்தில் நேர் எதிர் பதிலைத் தரும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா கத்தோலிக்கக் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறார்கள். அங்கே திருப்பலியில் வாசிப்பது திருவிவிலியம். குடும்ப ஜெபத்திலும் அதே சொற்கள். அந்தப் பிள்ளைகளுக்கு "ஆதியாகமம்" என்று சொன்னால்தான் புதுசு, "தொடக்க நூல்" பழக்கம். அவர்கள் பழைய மொழிபெயர்ப்பில் வசனம் படித்தால் என் வகுப்புக்கு நடந்தது அப்படியே அங்கே நடக்கும். ஆகவே பழையதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளையின் வீட்டிலும் கோவிலிலும் ஒலிப்பது எது என்று பாருங்கள்.

எளிய நடையில் வந்திருக்கும் மற்ற மொழிபெயர்ப்புகளை வகுப்பில் வைத்து நடத்திப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை தயார் பண்ணும்போது புரட்டியிருக்கிறேன், உதவியாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். தமிழ் வாசிக்கவே வராத பிள்ளைகளைப் பற்றியும் எனக்கு அனுபவம் குறைவு. பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறான். அவன் வீட்டில் தமிழில் ஜெபம் பண்ணுகிற ஆச்சி இல்லை. அங்கே என் காரணம் நிற்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, நம் ஊர்ப் பேச்சில் கதை சொல்கிறேன். அப்புறம் அதே பகுதியைத் திருவிவிலியத்திலிருந்து ஒரு பிள்ளை வாசிக்கும். கடைசியில் மனப்பாட வசனம் பழையதிலிருந்து பலகையில் வரும். "மேய்ப்பராயிருக்கிறார்" போன்ற நீளச் சொற்களை முதல் வாரம் "மேய்ப்பராய் இருக்கிறார்" என்று பிரித்து எழுதுகிறேன். அடுத்த வாரம் சேர்த்துவிடுவேன். கடினமான சொல்லுக்கு மேலே சிவப்புச் சாக்பீஸில் திருவிவிலியச் சொல்லை எழுதிவிடுவேன், தாழ்ச்சிக்கு மேலே குறை, பர்வதத்துக்கு மேலே மலை. மாதக் கடைசி ஞாயிறு புது வசனம் கிடையாது, பழையவற்றைத் திரும்பச் சொல்வது மட்டும்தான்.

121-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் இந்த வழி எனக்குத் திருப்தியாக இல்லை. பழையதில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. மலையிலிருந்தே உதவி வருவதுபோலப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கே மலை தெரிகிற ஊர் வேறு. திருவிவிலியத்தில் அது கேள்வி: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" கேள்வியாக வாசித்தால்தான் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து என்ற அடுத்த வசனம் பதிலாக வந்து உட்காருகிறது. அந்த ஒரு சங்கீதத்துக்குப் பலகையில் இரண்டு வரியையும் எழுதிப் போடுகிறேன். வீட்டில் ஆச்சியிடம் சொல்ல ஒன்று, வகுப்பில் என்னிடம் கேட்க ஒன்று.