மிஸ்டிக் மேனர்: அந்த வீட்டில் வரிசைதான் சரக்கு

"மச்சான், லீவுக்குப் புள்ளைகளோட ஹாங்காங் வர்றோம். டூர்காரர் டிஸ்னிலேண்டுக்கு அரை நாள் போட்டிருக்கார், போதும்ல?"

கீழக்கரையிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பெரியபட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் வருகிறது. தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது. வருட பாஸில் பல வருஷமாகப் போய்வந்த கண்ணோடு எழுதுகிறேன். கோட்டை, ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்க் 2005 செப்டம்பர் 12 அன்று திறந்தது. மிஸ்டிக் பாயின்ட் என்ற பகுதி 2013 மே 17 அன்று வந்தது. அதன் நடுவில் நிற்பதுதான் மிஸ்டிக் மேனர். இதற்குப் பின்னால் எந்த சினிமாவும் கிடையாது, இந்த இடத்துக்கென்றே கட்டிய கதை. பப்புவா நியூ கினியா காட்டுக்குள் ஹென்றி மிஸ்டிக் பிரபு என்று ஒருவர். உலகமெல்லாம் அலைந்து சேர்த்த கலைப்பொருட்களை வீடு நிறைய வைத்திருக்கிறார். கூடவே ஆல்பர்ட் என்ற குரங்கு. பாலித் தீவிலிருந்து புதிதாக வந்த இசைப்பெட்டி ஒன்றை ஆல்பர்ட் திறந்துவிடுகிறது. அதிலிருந்து கிளம்பும் மினுமினுப்பு எதன்மேல் படுகிறதோ அது உயிர்பெறுகிறது. கதை இவ்வளவுதான். மற்ற பல டிஸ்னிலேண்டுகளில் இந்த இடத்தில் பேய் பங்களா இருக்கும். இறந்தவர்களைச் சீனர்கள் வணங்கும் முறை வேறு என்பதால் இங்கே பேய் வேண்டாம் என்று விட்டார்கள். அதனால் சின்னப் பிள்ளைகளையும் தயங்காமல் கூட்டிப்போகலாம்.

ரைடு மொத்தம் ஐந்தரை நிமிடம். ஆனால் இந்த வீட்டின் பாதி விஷயம் வண்டியில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிரபுவும் ஆல்பர்ட்டும் போன பயணங்களின் படங்களும் சாமான்களும் வரிசை போகும் வழியெங்கும் இருக்கின்றன. அதில் தவறவிடக்கூடாதது ஒரு பெரிய குழு ஓவியம்: பயணிகளும் சாகசக்காரர்களும் சேர்ந்த சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள். அதில் இருக்கும் ஹாரிசன் ஹைடவர் என்பவர் டோக்கியோ டிஸ்னிசீயில் உள்ள டவர் ஆஃப் டெரர் கட்டடத்தின் கதை நாயகர். இரண்டு நாட்டு இரண்டு பார்க்குகளின் கதைகளை ஒரே சட்டத்துக்குள் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல அங்கே யாரும் கிடையாது. ஓவியத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முகமாக, யார் கையில் என்ன இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார் என்று பார்த்தால்தான் பிடிபடும்.

அங்கேதான் சிக்கலும். பல வருஷமாக எனக்கு ஆறாத எரிச்சல் இது ஒன்றுதான். வெளியே பலகையில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். நான் வருத்தப்படுவேன். வரிசை சின்னதாக இருந்தால் அந்தக் கூடங்களை நடந்தே கடந்துவிடுவீர்கள். பின்னால் வருபவர் முட்டுவார், முன்னால் இடம் காலியாகும், கால் தானாக நகரும். ஓவியம் தோளுக்குப் பின்னால் போய்விடும். நாற்பது நிமிடக் கூட்டம் உள்ள நாளில்தான் அந்த வீடு தன்னை முழுதாகக் காட்டும். பணம் கட்டி முன்னால் போகும் பிரீமியர் ஆக்சஸ் இந்த ரைடுக்கு வேண்டவே வேண்டாம். வரிசையைத் தவிர்ப்பதற்குத்தான் அந்தக் காசு, இங்கே வரிசைதான் சரக்கு. கூட்டமில்லாத நாளில் போனால் செய்யவேண்டியது இது: ஓவியம் கண்ணில் பட்டதும் சுவரோரமாக ஒதுங்கி, பின்னால் வரும் இரண்டு மூன்று குடும்பங்களை முன்னே விட்டுவிடுங்கள். யாருக்கும் கோபம் வராது, முந்திப் போகிறோம் என்று சந்தோஷமாகவே போவார்கள்.

அடுத்தது முன்காட்சி அறை. பிரபு தன் இசைப்பெட்டியையும் தானே கண்டுபிடித்த வண்டியையும் பற்றிப் பேசுகிறார். பேச்சைவிட ஆல்பர்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள், கதையின் முழு அறிகுறியும் அதில் இருக்கிறது. போனை எடுத்துப் பையில் போடவேண்டிய இடமும் இதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது. கணினி வழிநடத்துகிறது. டோக்கியோ டிஸ்னிலேண்டில் 2000லேயே வந்த முறையின் அடுத்த தலைமுறை. நாலு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி, ஒரே அறைக்குள் நுழைந்து, பிரிந்து, சுற்றி, மறுபடி சேர்கின்றன. ஆகவே இரண்டு வண்டிகள் ஒரே காட்சியை ஒரே கோணத்தில் பார்ப்பதில்லை. ஒரு தடவை போய்விட்டு "பார்த்தாச்சு" என்பவர் பார்த்தது கால்வாசி. ஒரு வண்டிக்கு இரண்டு வரிசை இருக்கை. உயரமானவர்கள் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு முன்வரிசை கிடைக்கும். ஏற்றிவிடும் ஊழியரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

உள்ளே எதைப் பார்ப்பது? பெரிய காட்சி தானாகக் கண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதைத் தேட வேண்டாம். ஓரங்களைப் பாருங்கள். இசைக்கருவிகள் தாமாக வாசிக்கும் அறையைத் தாண்டியதும் மத்தியதரைக்கடல் பொருட்களின் அறை வரும். எரிமலை ஓவியம் வெடிக்கும்போது எல்லோரும் அங்கே திரும்புகிறார்கள். அதே நேரத்தில் பழைய கிரேக்கக் குடத்தின் வயிற்றில் வரைந்த உருவங்கள் கையைக் காலை அசைக்கும். குடம் குடமாகத்தான் இருக்கும், மேலே உள்ள வண்ணம் மட்டும் நகரும். அதைப் பார்க்க உங்களுக்கு நாலைந்து விநாடிதான் கிடைக்கும். பனிநாட்டு அறையில் ஸ்ட்ரிபோக் என்ற காற்றுத் தெய்வம் ஊதும்போது அதன் வாயைப் பார்க்காதீர்கள். சுவரில் பனி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் படர்கிறது என்று பின்தொடருங்கள். உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற ஓரத்திலிருந்து வெள்ளை ஏறிவருவதைப் பார்த்து வளர்ந்த நம் கடற்கரைக் கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும். கவச அறையில் பாடும் கவசங்கள், எகிப்து அறையில் வண்டுகள், கடைசியில் சீனக் கூடத்தில் குரங்கு ராஜா கிளப்பும் சூறாவளி. பல அறைகளில் ஆல்பர்ட் எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளைகளை அதைத் தேடச் சொல்லுங்கள். சேதுக்கரையில் அனுமன் கதையைக் கேட்டு, கையிலிருக்கும் வாழைப்பழத்தைக் குரங்கிடம் பறிகொடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கதை ஒரு குரங்கில் தொடங்கி இன்னொரு குரங்கில் உச்சம் தொடுவதை விளக்கவே வேண்டாம்.

இப்போது போன். இருட்டுக்குள் படம் விழவேண்டுமென்றால் இருட்டு இருட்டாக இருக்கவேண்டும். இந்த அறைகளில் பாதி வித்தை ஒளியால் செய்வது. முன்னால் ஒருவர் வெளிச்சத்தைக் குறைக்காமல் வீடியோ எடுத்தால் கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும், குடத்தின் உருவம் கரைந்துபோகும். கண்ணும் அப்படியே. இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும், கெடுக்க ஒரு விநாடித் திரை போதும். ஐந்தரை நிமிட ரைடில் கெட்டது திரும்பி வராது. எடுத்த வீடியோவும் ஆடி அசைந்து, இரைச்சல் விழுந்து எதற்கும் உதவாது. தெளிவான வீடியோ இணையத்தில் ஏற்கெனவே நிறைய கிடக்கிறது. ஊரில் இருக்கும் உம்மாவுக்குக் காட்டவேண்டுமென்றால் அதைக் காட்டுங்கள். தயவுசெய்து உள்ளே போனை எடுக்காதீர்கள். நம் ஆட்கள் எடுக்கும்போது எனக்கு இரட்டிப்பாக வலிக்கிறது.

இந்த வீட்டில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய சுகம் பார்ப்பதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. ஹாலிவுட் இசையமைப்பாளர் டானி எல்ஃப்மன் போட்ட ஒரே மெட்டுதான் வீடு முழுக்க. இசைப்பெட்டியிலிருந்து கிளம்பி அறைக்கு அறை வாத்தியமும் நடையும் மாறிக்கொண்டே வருகிறது. இரண்டாம் தடவை போகும்போது இரண்டு அறைகளுக்காவது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எந்த நாட்டு அறைக்குள் வண்டி திரும்பியது என்று காதே சொல்லிவிடும்.

வெளியே வந்ததும் தோட்டம். பழைய சிற்பங்கள் போலச் செய்துவைத்த கண்கட்டு வேலைகள். சரியான இடத்தில் நின்றால்தான் உருவம் கூடிவரும், ஓரடி தள்ளினால் சிதறிவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஏமாற்று இன்னும் நன்றாகப் பலிக்கும். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுங்கள். ரைடு முடிந்த கையோடு இங்கே படம் எடுத்தால் எல்லாம் புகைமூட்டமாக விழும். ஏசி குளிரில் இருந்த லென்ஸ் வெளியே வந்ததும் வியர்க்கும். ஏசி காரிலிருந்து அரியமான் கடற்கரையில் இறங்கினால் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே கதை. துணியால் தேய்க்காமல் பத்து நிமிடம் விட்டால் தானே தெளியும்.

மற்ற இடங்களில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். ரயில் நிலையத்திலிருந்து வாசலுக்குப் போகும் பாதை நேராகப் போகாமல் வளையும். நல்ல சக்தி நேரே ஓடிக் கடலில் விழுந்துவிடக்கூடாது என்று ஃபெங் சுய் பார்த்து வளைத்தது. வாசலையும் 12 டிகிரி திருப்பிவைத்தார்கள். வாஸ்து பார்த்து நிலை வைக்கும் ஊரிலிருந்து போகிற நமக்கு இது விசித்திரமே இல்லை. கிரிஸ்லி கல்ச் என்ற தங்கச்சுரங்க ஊரின் கற்பனைப் பிறந்த நாள் 1888 ஆகஸ்ட் 8. எட்டு அவர்களுக்கு ராசி எண். மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களில் மாடி ஏற ஏற ஜன்னல் சிறுத்துக்கொண்டே போகும், கட்டடம் உள்ளதைவிட உயரமாகத் தெரிய அது உபாயம்.

பிள்ளைகளின் கண்ணைப் பழக்க விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு காலை கூட்டிப்போங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் சுவரையும் விதானத்தையும் மூடிக்கிடக்கின்றன. போர், ராமாயணம், ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திப்பது எல்லாம் உண்டு. ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, யார் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அங்கே பத்து நிமிடம் நிற்கப் பழகிய பிள்ளை மிஸ்டிக் மேனரில் உங்களுக்கே வழிகாட்டும். கட்டணமோ ஒப்பிடவே முடியாது.

சாப்பாடு: மிஸ்டிக் பாயின்டிலேயே உள்ள எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப் ஹலால் சான்று பெற்றது. மதியம் பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். மழைக்காலம் என்றால் புயல் எண்ணைப் பாருங்கள். பாம்பனில் கூண்டு 1, 2, 3 என்று ஏறும். ஹாங்காங்கில் 1க்குப் பிறகு 3, அதற்குப் பிறகு நேரே 8. மூன்றுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், அடுத்த படி எட்டு. எட்டு வந்தால் ஊரே அடங்கிவிடும், அன்றைக்கு பார்க்கை மறந்துவிடுங்கள்.

மச்சான் கேட்டதற்குப் பதில்: இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். அரை நாள்தான் என்றால் போக வேண்டாம். பதினொன்றுக்கு இறக்கிவிட்டு நாலு மணிக்குக் கொடியைத் தூக்கிக் கூப்பிடும் டூரில், வாசலிலிருந்து இடது கைப்பக்கமாக மிஸ்டிக் பாயின்ட் வரை பிள்ளைகளோடு நடக்கவே இருபது நிமிடம் போய்விடும். அந்த வீட்டை ஒரு தடவை, அதுவும் ஓட்டமாகப் பார்ப்பதைவிட பார்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. மலையேறும் பீக் டிராமுக்கோ துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெரி படகுக்கோ போய்க்கொள்ளுங்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு, கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் வருகையைப் பதிவு செய்தால் 14 நாள் தங்கலாம். அதில் ஒரு முழு நாளை டூரிலிருந்து பிடுங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

அப்படிப் போனால் சிம் ஷா சூயில் பள்ளிவாசல் பக்கத்திலேயே ரயில் ஏறலாம். சுன் வான் லைனில் லாய் கிங் வரை போய், அங்கே துங் சுங் லைனுக்கு மாறி, சன்னி பேயில் இறங்குங்கள். அங்கிருந்து ஜன்னலெல்லாம் மிக்கி தலை வடிவில் இருக்கும் தனி ரயில். திறக்கும்போதே உள்ளே நுழைந்தாலும் மிஸ்டிக் மேனருக்கு முதல் ஆளாக ஓடாதீர்கள். மற்ற ரைடுகளைக் காலையில் முடித்துவிட்டு, பலகையில் நாற்பது நிமிடம் என்று போட்டதும் போய் நில்லுங்கள்.