1968 சி10 பிக்கப்பில் 2001 எஞ்சின்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பழைய பிக்கப்பை டோனர் வண்டியின் (பாகங்களைக் கழற்றி எடுக்க வாங்குகிற இன்னொரு வண்டி) பாகங்களை வைத்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் முதல் தடவை ஸ்டார்ட் ஆனதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதுதான் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உண்மையில் தேவை. என் 1968 செவர்லே சி10 பல வருடமாக தினசரி வண்டியாக ஓடுகிறது. மழை, வெயில், சுமை, நெடுஞ்சாலை எல்லாம் பார்த்துவிட்டது.

வண்டி 115 அங்குல வீல்பேஸ் கொண்ட குட்டைப் பெட்டி மாடல். 250 கன அங்குல, அதாவது 4.1 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். ஸ்டீயரிங் தண்டில் லீவர் வைத்த மூன்று கியர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே. இதற்கு இரண்டு டோனர் வண்டிகள். எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் ஒரு 2001 செவர்லே சில்வராடோ பிக்கப்பிலிருந்து. முன் சஸ்பென்ஷன், பின் ஆக்சில், பிரேக் எல்லாம் ஒரு 1972 சி10-இலிருந்து.

என் அனுபவத்தில் தேறிய பெரிய விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே டோனரிலிருந்து முழு செட்டாக எடுத்த எதுவும் இன்றுவரை என்னைத் தெருவில் நிறுத்தவில்லை. தொந்தரவு வந்ததெல்லாம் பழசும் புதுசும் சந்திக்கிற இடங்களில்தான்.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சி10-க்கு முன் டிஸ்க் பிரேக் 1971-இல் ஸ்டாண்டர்டாக வந்தது. அதே வருடம் வீல் போல்ட் அமைப்பும் மாறியது. அதற்கு முன்னால் 5.5 அங்குல வட்டத்தில் ஆறு போல்ட், 1971 முதல் 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் முன்னும் பின்னும் வேறு வேறு சக்கரம், ஸ்டெப்னி ஒன்று போதாது. அதனால்தான் பின் ஆக்சிலையும் 1972 வண்டியிலிருந்தே எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. 1972 வரை சி10-இன் பின்பக்கம் நீளமான டிரெய்லிங் ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும். 1973-இல் லீஃப் ஸ்பிரிங்குக்குப் போய்விட்டார்கள். 1972 ஆக்சில் பழைய ஆர்மிலேயே உட்கார்ந்துகொள்ளும், வெல்டிங்கே வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்பின் அழுத்தத்தைப் பிரிக்கிற வால்வு மூன்றையும் சேர்த்து அதே வண்டியிலிருந்து எடுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை வைத்து டிஸ்க்கை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். டிஸ்க்குக்குத் தேவைப்படும் திரவத்தின் அளவு வேறு, பின்பக்கம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டிய சமநிலை வேறு. காலிப் பெட்டியோடு ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் அந்த வால்வின் அருமை தெரியும். பிக்கப்பில் சுமை இல்லாதபோது பின் சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. இந்த வண்டியில் செய்த எல்லா மாற்றத்திலும் மனசு நிறைந்தது எது என்று கேட்டால், எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைத்தான் சொல்வேன்.

சரி, எஞ்சின். எல்எம்7 என்கிற 5.3 லிட்டர் வி8, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். பழைய ஆறு சிலிண்டருக்கு 155 என்று போட்டிருப்பார்கள். அதுவும் மின்விசிறி, சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளக்கிற அந்தக் காலத்துக் கணக்கு, எனவே உண்மையான இடைவெளி இன்னும் பெரிது. 2003-க்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் இன்னும் கேபிள்தான். நான் தேடி எடுத்ததும் அதைத்தான். எலக்ட்ரானிக் பெடல் உள்ளதை எடுத்தால் பெடல், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றும் ஜோடியாக இருந்தாக வேண்டும். ஒன்று வேறு வருடத்தது என்றாலும் வேலை செய்யாது.

சில்வராடோவின் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, ஆழமானது. சி10-இன் கிராஸ்மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) இடிக்கும், அல்லது தரைக்கு மிக அருகில் தொங்கும். ஆழம் குறைந்த சம்ப் போட்டே ஆக வேண்டும். சம்ப்பைக் கழற்றும்போது ஆயில் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு, மடங்காமல் நேராக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அது கிழிந்தால் ஆயிலோடு காற்றையும் இழுக்கும், பேரிங் போய்விடும். எஞ்சின் தட்டுவதைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சர்கள், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன. எஞ்சின் வெளியே இருக்கும்போதே அவற்றை மாற்றிவிட்டேன். ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய நீராவிக் குழாயை ரேடியேட்டரின் மேல்பக்கம் கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு சூடு ஏறும்.

பெட்ரோல் விஷயத்தில் கார்புரேட்டருக்குப் போதும் அழுத்தம் வெறும் சில பிஎஸ்ஐ. இந்த எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். அவ்வளவு அழுத்தமுள்ள லைனைக் கேபினுக்குள் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த டாங்கை எடுத்துவிட்டு, பழைய பெரிய செவர்லே பிளேசர் எஸ்யுவியின் டாங்கைப் பின்பக்கம் சேசிஸ் நடுவே தொங்கவிட்டு, உள்ளே உயர் அழுத்த பம்ப் போட்டேன். அழுத்தத்தைப் பிடித்து வைக்க 1999 முதல் 2003 வரையிலான செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் ஃபில்டர். அதற்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது, மிச்ச பெட்ரோல் டாங்குக்கே திரும்பிவிடும். தனி ரெகுலேட்டர், நீளமான ரிட்டர்ன் லைன் எதுவும் வேண்டாம். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அன்றோடு போனது. சீட்டுக்குப் பின்னால் கருவிப்பை வைக்க இடமும் கிடைத்தது.

இனி வயரிங். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். டோனரின் ஹார்னஸை (வயர்க் கட்டு) முழுசாக எடுத்து, தேவையில்லாததை நீக்கி, கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை அணைத்து, புது டயரின் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் எழுதினோம். இது வரைக்கும் சிக்கலே இல்லை. சில மாதம் கழித்து, இரவில் ஹெட்லைட்டும் ஹீட்டரும் போட்டு நின்றால் ஐடில் ஏறி இறங்க ஆரம்பித்தது. சென்சரா, இன்ஜெக்டரா என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். காரணம் எர்த். 1968 கேபின் சேசிஸின் மேல் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மின்சுமைக்கு ஒரு மெல்லிய பட்டை போதும். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சினுக்குப் போதாது. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு, பிளாக்கிலிருந்து கேபினுக்கு என்று தடித்த கேபிள்களைப் பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் போட்ட பிறகு ஐடில் அசையவில்லை. சோதிக்கும் வழி எளிது. எல்லா விளக்கையும் போட்டு எஞ்சின் ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. கேபினிலும் இதே போலப் பாருங்கள்.

பழைய மீட்டர்களைக் காப்பாற்றியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். சில்வராடோவிலிருந்து வந்த 4எல்60இ என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்ட இடமில்லை, மின்துடிப்புதான் வரும். அதைக் கேபிள் சுழற்சியாக மாற்றும் சின்ன மோட்டார் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். முள் இன்றும் ஒழுங்காக ஓடுகிறது. வெளியில் வாங்கிய ஆயில் பிரஷர் சென்சர் மட்டும் சீக்கிரம் போய்விட்டது. அது இன்டேக்கின் பின்னால் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி இருப்பதால் கை நுழைவதே கஷ்டம். ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டு, எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஓட்டுகிற சுகத்தை மாற்றியது கியர்பாக்ஸ்தான். முதல் கியரின் விகிதம் 3.06, நான்காவது 0.70. என் 3.73 ஆக்சிலும் 28.5 அங்குல டயரும் வைத்துப் பார்த்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 1900 சுற்றுதான் சுற்றுகிறது. ஓவர்டிரைவ் (அந்த 0.70 போல ஒன்றுக்குக் குறைந்த விகிதம்) இல்லாத கியர்பாக்ஸ் என்றால் 2700-ஐத் தாண்டும். நீண்ட பயணத்தில் அந்த அமைதிக்கு விலையே இல்லை. இந்தக் கியர்பாக்ஸுக்கு எதிரி சூடு. சுமை இழுப்பவர்கள் ரேடியேட்டருக்குள் இருப்பதை மட்டும் நம்பாமல் தனி ஆயில் கூலர் போடுங்கள்.

இடதுபக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் தண்டுக்கு மிக நெருக்கம். தண்டின் ரப்பர் இணைப்பு சூட்டில் இறுகி வெடிப்பு விட்டது. இப்போது அங்கே இரும்பு யுனிவர்சல் ஜாயிண்டும் ஒரு வெப்பத் தகடும். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பேன்.

டோனர் வண்டியை வேலை முழுக்க முடியும்வரை விற்காதீர்கள். பிராக்கெட், கிளிப், கனெக்டரின் பூட்டு என்று கடைசி வாரம் வரை ஏதாவது ஒன்று அதில் தேவைப்படும். அப்புறம் ஒரு நோட்டில் எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து, எந்த வருடத்தது என்று எழுதி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். என் வண்டிக்கு முன் பிரேக் பேட் வாங்கப் போனால் 1972 என்று கேட்க வேண்டும், ஆயில் ஃபில்டருக்கு 2001, கதவு ரப்பருக்கு 1968, பெட்ரோல் ஃபில்டருக்குக் கார்வெட்.