அர்ஜினைனா, சிட்ருல்லினா: ஒரே இலக்குக்குப் போகும் இரு அமினோ அமிலங்கள்

இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் பெரும்பாலும் அர்ஜினைன், சிட்ருல்லின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்று இருக்கும். இரண்டில் எது மேலானது என்று கேட்பவர்களுக்குச் சிட்ருல்லின் என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கிறது. வாய்வழியாக உட்கொண்டு இரத்தத்தில் அர்ஜினைனின் அளவை உயர்த்துவது மட்டுமே நோக்கம் என்றால் அந்தப் பதில் சரிதான். ஆனால் இரத்தத்தில் ஒரு பொருளின் அளவு உயர்வது வேறு, நோய் தணிவது வேறு. அதற்கும் மேலாக, இவ்விரண்டில் ஒன்று உயிர்காக்கும் மருந்தாகவும் மற்றொன்று கொடுக்கவே கூடாத பொருளாகவும் அமையும் நோய்களும் உண்டு. ஆகவே எந்த நோக்கத்திற்காக என்பதைச் சொல்லாமல் இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை.

இரண்டுக்கும் உள்ள உறவை முதலில் பார்க்கலாம். அர்ஜினைனை 1886-இல் எர்ன்ஸ்ட் ஷுல்ட்ஸே, எர்ன்ஸ்ட் ஷ்டைகர் ஆகிய இருவரும் லூப்பின் செடியின் முளைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். சிட்ருல்லின் 1914-இல் ஜப்பானில் தர்ப்பூசணிச் சாற்றிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் கட்டமைப்பை 1930-இல் மிட்சுனோரி வாடா தெளிவுபடுத்தினார். புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் அர்ஜினைன் ஒன்று. சிட்ருல்லின் அந்த வரிசையில் இல்லை. எனினும் 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் விளக்கிய யூரியா சுழற்சியில் இரண்டுக்கும் இடமுண்டு: நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் அந்தப் பாதையில் ஆர்னிதைன் சிட்ருல்லினாகவும், சிட்ருல்லின் அர்ஜினினோசக்சினேட் வழியாக அர்ஜினைனாகவும், அர்ஜினைன் யூரியாவை விட்டுவிட்டு மறுபடியும் ஆர்னிதைனாகவும் மாறுகின்றன.

நைட்ரிக் ஆக்சைடின் கதை இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வருகிறது. இரத்தக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்களிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தளர்த்துகிறது என்பதை 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987-இலும், அது அர்ஜினைனிலிருந்தே உண்டாகிறது என்பது 1988-இலும் சால்வடோர் மொன்காடாவின் குழுவினரால் நிறுவப்பட்டன. ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்னும் நொதி அர்ஜினைனை எடுத்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும்போது மிஞ்சுவது சிட்ருல்லின். அந்தச் சிட்ருல்லினைச் செல் மறுபடியும் அர்ஜினைனாக மாற்றிக்கொள்ள முடியும். ஒன்று மூலப்பொருள், மற்றொன்று அதன் எச்சமும் முன்னோடியும் ஆகும். விளம்பரங்கள் இவற்றைப் போட்டியாளர்களாகக் காட்டினாலும், உடலின் கணக்கில் இவை ஒரே பாதையின் இரண்டு நிறுத்தங்கள்.

வாயிலிருந்து இரத்தம் வரை

ஒரே பாதையில் இருப்பவை என்றால் எதை உட்கொண்டால் என்ன என்று தோன்றலாம். வேறுபாடு உறிஞ்சப்படும் இடத்தில் தொடங்குகிறது. குடற்சுவரிலும் கல்லீரலிலும் அர்ஜினேஸ் என்னும் நொதி மிகுதியாக உள்ளது. அது அர்ஜினைனை யூரியாவாகவும் ஆர்னிதைனாகவும் உடைத்துவிடுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இவ்வாறு, விழுங்கிய அர்ஜினைனில் கணிசமான பகுதி, உடலின் பொதுச் சுற்றோட்டத்தை எட்டும் முன்பே செலவாகிவிடுகிறது. அளவைக் கூட்டி இந்த இழப்பை ஈடுசெய்ய முயன்றால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் குறுக்கே வருகின்றன. ஒரே வேளையில் 9 கிராமுக்கு மேல் எடுப்பவர்களிடம் இத்தொல்லை அதிகம்.

சிட்ருல்லினை அர்ஜினேஸ் தொடுவதில்லை. கல்லீரலும் அதை ஏறத்தாழத் தொடாமலே விட்டுவிடுகிறது. சிறுகுடலிலிருந்து இரத்தத்தில் சேரும் சிட்ருல்லின் நேராகச் சிறுநீரகத்தை அடைந்து, அதன் நுண்குழாய்ச் செல்களில் அர்ஜினைனாக மாற்றப்பட்டு, உடல் முழுவதற்கும் வழங்கப்படுகிறது. இது நாம் மாத்திரைக்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி அன்று. குடற்செல்கள் குளூட்டமின் போன்றவற்றிலிருந்து சிட்ருல்லினை ஆக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்புவது உடலின் அன்றாட ஏற்பாடு. 2008-இல் ஆரோக்கியமானவர்களிடம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், அதே அளவு அர்ஜினைனை விடச் சிட்ருல்லினே இரத்தத்தின் அர்ஜினைன் அளவை மிகுதியாகவும் நீண்ட நேரமும் உயர்த்தி வைத்தது. அர்ஜினைனை உண்பதை விட அதன் முன்னோடியை உண்பதே அர்ஜினைனுக்கு நல்லது என்ற விசித்திரமான முடிவு, மருந்தியல் நோக்கில் இப்போது ஐயத்துக்கு இடமில்லாதது. வயிற்றுத் தொல்லையும் சிட்ருல்லினில் குறைவு.

குடற்செல்களே சிட்ருல்லினின் முதன்மையான ஊற்று என்பதால் அதற்கு இன்னொரு பயனும் வாய்த்திருக்கிறது. இரத்தத்தில் சிட்ருல்லின் இயல்பாக லிட்டருக்கு 40 மைக்ரோமோல் அளவில் இருக்கும்; அறுவையால் குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களிடம் அது 20-க்குக் கீழே இறங்குமானால், எஞ்சிய குடலால் ஊட்டத்தை ஈர்க்க முடியவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அர்ஜினைனுக்கு இத்தகைய பணி இல்லை.

அளவு உயர்ந்தால் போதுமா?

இங்கேதான் எளிய பதில் தடுமாறுகிறது. நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் நொதி பாதி வேகத்தில் இயங்குவதற்குத் தேவையான அர்ஜினைன் லிட்டருக்குச் சில மைக்ரோமோல்களே. இரத்தத்திலோ அதைப்போல இருபது மடங்குக்கும் மேலாக அர்ஜினைன் எப்போதும் இருக்கிறது. செல்லுக்குள் இன்னும் அதிகம். நொதிக்கு ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடைக்கும் ஒன்றை மேலும் கொட்டுவதால் எதுவும் நடக்கக் கூடாது. ஆனாலும் சில நிலைகளில் நடக்கிறது. ஆய்வாளர்கள் அர்ஜினைன் முரண் என்று அழைக்கும் இப்புதிருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இரண்டு முக்கியமானவை. உடலிலேயே உண்டாகும் ஏடிஎம்ஏ என்ற, அர்ஜினைனை ஒத்த பொருள், நொதியில் அர்ஜினைன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு அந்நொதியைத் தடுக்கிறது. சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோய்களில் அதன் அளவு உயர்கிறது. அர்ஜினேஸ் மிகுந்துவிட்ட திசுக்களில், அது நொதியின் பக்கத்திலிருக்கும் அர்ஜினைனைப் பறித்துக்கொள்கிறது. இவ்விரண்டு நிலைகளிலும் கூடுதல் அர்ஜினைனுக்கு வேலை இருக்கிறது. இவை இல்லாத ஆரோக்கியமான ஓர் இளைஞரின் இரத்தக்குழாயில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை என்றே கருத வேண்டும்.

இதயநோயில் இந்தக் கோட்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்டது. மாரடைப்புக்குப் பின் இரத்தக்குழாய்கள் விறைத்திருக்கும், அர்ஜினைன் அவற்றைத் தளர்த்தும் என்ற எதிர்பார்ப்புடன் தொடங்கிய ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு மூன்று வேளை 3 கிராம் அர்ஜினைனும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் 6 மாதங்கள் வழங்கப்பட்டன. இரத்தக்குழாய்களின் விறைப்பு குறையவில்லை. இதயத்தின் இயக்கம் மேம்படவில்லை. அர்ஜினைன் பெற்றவர்களில் 6 பேர் இறந்தனர். மருந்துப்போலி பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவு 2006-இல் வெளியானது. எண்ணிக்கை சிறியதாகையால் இறப்புகளுக்கு அர்ஜினைனே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆயினும் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்ற பரிந்துரைக்கு அது போதுமானதாயிற்று. மறு ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், கால் தமனிகள் அடைபட்டவர்கள் 6 மாதங்கள் நாளுக்கு 3 கிராம் எடுத்தும் பயன் காணவில்லை. நடக்கும் திறனில் மருந்துப்போலி பெற்றவர்களே கூடுதலாக முன்னேறினர்.

இரத்த அழுத்தத்தில் மட்டும் அர்ஜினைனுக்குச் சாதகமான சான்று ஓரளவு உண்டு. 11 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான அலசலில் மேல் அழுத்தம் சராசரியாக 5 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தது. சிட்ருல்லினைக் கொண்டு செய்த அழுத்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை.

சிட்ருல்லினை விற்பவர்கள் மேற்சொன்ன மாரடைப்பு ஆய்வைச் சுட்டிக்காட்டி, அதனால்தான் தங்கள் பொருள் பாதுகாப்பானது என்று வாதிடுவதைக் காணலாம். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சிட்ருல்லின் உடலில் அர்ஜினைனாகத்தான் மாறுகிறது. அதுவும் அதிகத் திறனோடு மாறுகிறது. நொதிக்குத் துணைநிற்கும் டெட்ராஹைட்ரோபயோப்டெரின் குறைந்துபோன நோயுற்ற இரத்தக்குழாயில் அந்நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகத் தீங்கான சூப்பராக்சைடை ஆக்கக்கூடும் என்பது அர்ஜினைனின் தோல்விக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அந்த விளக்கம் சரியென்றால், மூலப்பொருள் எந்த வாசல் வழியாக வந்தது என்பது நொதிக்குத் தெரியப்போவதில்லை. மாரடைப்பு வந்தவர்களிடம் சிட்ருல்லின் அதே கடுமையான சோதனைக்கு உட்படவில்லை என்பதைப் பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்வது தவறு.

எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது?

ஒப்பீடு ஐயமறத் தெளிவாகும் இடம் பிறவியிலேயே யூரியா சுழற்சியில் குறையுள்ளவர்களின் சிகிச்சை. இங்கே அமினோ அமிலம் வெறும் ஊட்டப்பொருள் அன்று. அம்மோனியா மூளையைத் தாக்காமல் காக்கும் மருந்து. எதைத் தர வேண்டும் என்பதை, சுழற்சியில் எந்த நொதி இல்லை என்பதே தீர்மானிக்கிறது.

ஆர்னிதைன் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதி இல்லாத குழந்தையால் சிட்ருல்லினை ஆக்க முடியாது. அதனால் அர்ஜினைனும் கிடைப்பதில்லை. அர்ஜினைனைக் கொடுத்தால் அந்தப் பற்றாக்குறை தீரும். சிட்ருல்லினைக் கொடுத்தாலோ பற்றாக்குறையும் தீரும். அது அர்ஜினைனாக மாறும்போது அஸ்பார்டேட்டிலிருந்து ஒரு நைட்ரஜனையும் கூடவே இழுத்துக்கொண்டு வெளியேறும். கழிவை அகற்றவே திணறும் உடலுக்கு இந்த ஒரு நைட்ரஜன் பெரிய உதவி. ஆகவே நெடுநாள் பராமரிப்பில் சிட்ருல்லினே இங்கு முன்னுரிமை பெறுகிறது.

அதற்கு அடுத்த படியில் உள்ள அர்ஜினினோசக்சினேட் சிந்தேஸ் இல்லாதவர்களிடம் நிலைமை தலைகீழாகிறது. சிட்ருல்லினுக்கு மேற்கொண்டு போக வழியில்லாததால் இரத்தத்தில் அதுவே மலைபோல் குவிந்திருக்கும். சிட்ருல்லினீமியா என்ற பெயர் இதனால் வந்தது. இவர்களுக்கு மேலும் சிட்ருல்லினைத் தருவது பொருளற்றது. அர்ஜினைனே மருந்து, அது ஆர்னிதைனை நிரப்பி, நைட்ரஜனைச் சிட்ருல்லின் வடிவில் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. அதற்கும் அடுத்த நொதியான அர்ஜினினோசக்சினேட் லையேஸ் இல்லாதவர்களுக்கும் அர்ஜினைனே தரப்படுகிறது. சுழற்சியின் கடைசி நொதியான அர்ஜினேஸ் இல்லாதவர்களிடமோ அர்ஜினைனே தேங்கிக் கால் விறைப்பையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்குவதால், இரண்டுமே விலக்கப்பட வேண்டியவை.

அம்மோனியா திடீரென ஏறும் நெருக்கடியில், குறை எங்கே என்று இன்னும் தெரியாத நிலையில், சிரை வழியாகச் செலுத்தப்படுவது அர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடே. சிட்ருல்லின் பெரும்பாலும் வாய்வழிப் பொருளாகவே இருந்துவருகிறது.

பிற நோய்களில்

அரிவாள்செல் சோகையில் சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றிலிருந்து அர்ஜினேஸ் இரத்தத்தில் கொட்டுகிறது. வெளியேறிய ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை விழுங்குகிறது. அர்ஜினைன் உண்மையிலேயே பற்றாமல் போகும் நோய் இது. கடும் வலியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 38 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அர்ஜினைன் பெற்றவர்களுக்கு ஊசிவழித் தேவைப்பட்ட ஓபியாய்டு மருந்து பாதிக்கும் மேல் குறைந்தது. முரண் தீர்ந்து கோட்பாடும் நடைமுறையும் கைகோத்த அரிய எடுத்துக்காட்டாக இதை நான் கருதுகிறேன்.

புற்றுநோயில் இந்த இணையின் உறவு விநோதமான முறையில் பயன்படுகிறது. சில புற்றுச்செல்கள் சிட்ருல்லினிலிருந்து அர்ஜினைனை ஆக்கும் நொதியை இழந்துவிட்டவை. பெகார்ஜிமினேஸ் என்ற மருந்து இரத்தத்திலுள்ள அர்ஜினைனைச் சிட்ருல்லினாக மாற்றிவிடும்போது, இயல்பான செல்கள் அதைத் திரும்ப மாற்றிப் பிழைத்துக்கொள்கின்றன. புற்றுச்செல்கள் பட்டினியில் கிடக்கின்றன. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமாவில் கீமோதெரபியுடன் இதைச் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 7.7 மாதங்களிலிருந்து 9.3 மாதங்களாக உயர்ந்தது.

உடற்பயிற்சிக்காக எடுப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாலிக் அமிலத்துடன் சேர்ந்த சிட்ருல்லினான சிட்ருல்லின் மாலேட், 8 கிராம் அளவில், பளுப்பயிற்சியில் பளுவைத் திரும்பத் திரும்பத் தூக்கும் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டலாம். விளைவு சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. ஆண்குறி விறைப்புக் குறைபாட்டில், லேசான குறை உள்ள 24 ஆண்களுக்கு நாளுக்கு 1.5 கிராம் சிட்ருல்லின் கொடுத்த 2011-ஆம் ஆண்டின் ஆய்வில் பாதிப் பேர் மேம்பட்டனர். மருந்துப்போலிக் காலத்தில் மேம்பட்டவர் இருவர். ஊக்கம் தருவதுதான், ஆனால் 24 பேர் மட்டுமே.

முடக்குவாதத்தைக் கண்டறியும் சோதனைகளில் ஒன்று சிட்ருல்லின் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது என்பதால், சிட்ருல்லின் உண்டால் முடக்குவாதம் வருமோ என்று அஞ்சுவோர் உளர். அந்தச் சிட்ருல்லின், ஏற்கெனவே புரதத்தில் கோக்கப்பட்ட அர்ஜினைன் அங்கேயே நொதியால் மாற்றப்படுவதால் உண்டாவது. தனியாக உண்ணும் சிட்ருல்லினைப் புரதத்தில் கோக்க மரபணுக் குறியீட்டில் இடமே இல்லை.

மெய்யான எச்சரிக்கைகள் வேறிடத்தில் உள்ளன. நைட்ரோகிளிசரின், சில்டெனாஃபில், இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றை எடுப்பவர்களிடம் இரண்டுமே அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றவர்களிடம் சிட்ருல்லினின் தலையாய மேன்மையே மங்குகிறது. அதை அர்ஜினைனாக மாற்ற வேண்டிய உறுப்பே அங்கு தளர்ந்திருக்கிறது. அதே நோயாளிகளிடம் சிரை வழி அர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடு பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம். ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றதை எடுக்கலாமா என்ற முடிவை அவர்கள் சிறுநீரக மருத்துவரிடமே விட வேண்டும்.