மெக்னீசியம் சேர்க்கும் ஆர்ஓ இயந்திரம்: சொன்னதைச் செய்கிறதா?

எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு) லிட்டருக்கு 900 மில்லிகிராமைத் தாண்டுவதால் ஆர்ஓ இல்லாமல் குடிக்க வழியில்லை. வீட்டில் சர்க்கரை நோயாளியும் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து எடுப்பவரும் இருப்பதால், உப்பை வடிகட்டும் மெம்பரேன் சவ்வைக் கடந்த நீரில் மெக்னீசியத்தைத் திரும்பச் சேர்ப்பதாகவும் அது இதயத்துக்கு நல்லது என்றும் பெட்டியிலேயே அச்சிட்டிருந்த ஓர் இயந்திரத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். சுத்திகரிப்பில் குறையே இல்லை. உப்புக் கரிப்பு போய்விட்டது, பாத்திரங்களில் வெள்ளைப் படிவு இல்லை.

மெக்னீசியம்தான் ஏமாற்றம். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், லிட்டருக்குக் கிணற்று நீரில் 48 மில்லிகிராமும், மெக்னீசியம் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் புதிதாக இருந்தபோது இயந்திரத்தின் நீரில் 6 மில்லிகிராமும், சில மாதங்கள் கழித்து வெறும் 2 மில்லிகிராமும் இருந்தன. இரவு முழுவதும் கார்ட்ரிட்ஜில் தேங்கிய நீர் காலையில் முதல் டம்ளரில் சற்றுக் கசந்து, வழவழப்பாக வருகிறது. இரண்டு குடம் பிடித்த பிறகு அந்தச் சுவை மறைந்துவிடுகிறது. மெக்னீசியம் இப்படிக் குறைவதை இயந்திரத்தின் முகப்பிலுள்ள டிடிஎஸ் எண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது நீரின் மின்கடத்துதிறனை வைத்து மொத்த உப்பைக் கணிக்கிறதே தவிர, அதில் சோடியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. சர்வீஸுக்கு வந்தவர் டிடிஎஸ் திருகைக் கூட்டிவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் கிணற்று நீரே நேராகக் கலந்து, நைட்ரேட்டும் ஃபுளோரைடும் இருந்தால் அவையும் சேர்ந்தே வரும் என்பதால் மறுத்துவிட்டோம்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இதயத் தசையின் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப்புக்கும் (செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இந்த உப்புகளை நகர்த்தும் புரதம்), இன்சுலின் தரும் சைகையைச் செல்கள் ஏற்பதற்கும் மெக்னீசியம் வேண்டும்; சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது சிறுநீரில் கூடுதலாக வெளியேறுகிறது. குடிநீரில் மெக்னீசியம் அதிகமுள்ள பகுதிகளில் இதயநோய் மரணங்கள் குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் இஸ்ரேலியப் பகுதிகளைப் பற்றிய ஆய்வுகளும், மெக்னீசியம் நீங்கிய அந்த நீர் இதயத்துக்குக் கேடாகலாம் என்ற கவலையை எழுப்பின. இவை மக்கள்தொகையைக் கவனித்துச் சொன்னவை என்பதால் நீர்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, குடிநீர் பற்றிய சான்று இன்னும் மெலிந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம் மெக்னீசியம் தேவை. இந்த இயந்திரத்தின் நீரை இரண்டு லிட்டர் குடித்தால், கார்ட்ரிட்ஜ் புதிதாக இருக்கும்போதுகூட 12 மில்லிகிராம்தான் கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகிலோ ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மெக்னீசியத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டிடிஎஸ் அதிகமுள்ள வீட்டுக்கு ஆர்ஓவாக இதைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் மினரல் கார்ட்ரிட்ஜ் இல்லாத மலிவான மாடலே போதும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மெக்னீசியம், எத்தனை லிட்டர் வரை அந்த அளவு நிற்கும் என்று நிறுவனம் பெட்டியில் அச்சிடும் வரை அந்தக் கூடுதல் விலைக்கு நியாயமில்லை.