பினாங்கில் பெரியத்தையின் கடைசி மாதம்: யார் வந்தார்கள், என்ன செய்தார்கள்

மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போய் வருகிறவர்கள் சாப்பாட்டுக் கடையைப் பற்றியும் விமான நிலைய வரிசையைப் பற்றியும் எழுதுவார்கள். இந்த முறை நான் போனது பெரியத்தைக்காக. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி கீமோ கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு ஜெலுத்தோங்கில். வெளிநாட்டில் இருந்துகொண்டு பினாங்கில் இருக்கும் அம்மா அப்பாவை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் பணக் கணக்கு. அத்தை மலேசியக் குடிமகள் என்பதால் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). மருந்தும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. காத்திருப்பு நீளம்தான், காலையில் போனால் மதியம் ஆகிவிடும், ஆனால் கடனாளி ஆக வேண்டியதில்லை. என்னைப் போல வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர்களுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது. வயதான காலத்தில் ஊருக்கே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஹோஸ்பிஸ் தொண்டு அமைப்பில் பதிந்துகொள்ளலாம். நோயைக் குணப்படுத்த அல்ல, வலியையும் அவதியையும் தணிக்க வருகிறவர்கள். கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. பினாங்கிலும் 90களின் தொடக்கத்திலேயே இந்த வேலை ஆரம்பித்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று முதல் தனிப் பிரிவு வந்தது 1995இல், கோத்தா கினபாலுவில். இப்போது இதற்கென்று 2030 வரைக்குமான தேசியக் கொள்கை ஒன்றும் இருக்கிறது. அத்தைக்கு வந்த குழு ஒரு காசு வாங்கவில்லை. கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும் இரவலாகத் தந்தார்கள்.

காசு கொடுத்து வாங்கிய சேவைதான் சொதப்பியது. இரவுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு தனியார் ஏஜென்சிக்கு முன்பணம் கட்டினோம். பயிற்சி பெற்ற தாதி என்று சொல்லி அனுப்பியவருக்கு மார்ஃபின் பாட்டிலைத் தொடவே பயம். மாற்று ஆளும் வரவில்லை, முன்பணமும் வரவில்லை. இரவுகளை நாங்களே முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

மார்ஃபின் பயம் அவருக்கு மட்டும் இல்லை. ஈப்போவிலிருந்து வந்திருந்த சித்தப்பா, அத்தைக்கு ஒரே தம்பி, என்னைத் தனியாக அழைத்து, "உங்க ஊர்ல ஊசி போட்டு முடிச்சுடுவாங்களாமே, இங்கயும் அதைத்தான் ஆரம்பிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இருப்பது உண்மைதான். 2017இல் நிறைவேறி 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியாவில் அது குற்றம். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை குடிக்கக் கொடுக்கும் மார்ஃபின் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதை அவர் பாதிதான் நம்பினார். மீதியை ஹோஸ்பிஸ் குழுவின் மிஸ்ஸி, அதாவது தாதி, நம்ப வைத்தார்.

அந்த மிஸ்ஸி கத்தோலிக்கத் தமிழ்ப்பெண். வலியைக் குறைக்க அளவோடு கொடுக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்றாலும், கொல்லும் எண்ணம் இல்லாதவரை அது பாவமாகாது என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே மயக்க மருந்து டாக்டர்களிடம் பேசியிருக்கிறார் என்றார். அப்புறம் அவரே, "போப் சொன்னதை விடுங்க அங்கிள், அளவு பார்த்துக் கொடுத்தா இது ஆயுளைக் குறைக்கிறதில்ல. மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து வச்சிருக்கேன்" என்று முடித்தார். சித்தப்பா முருக பக்தர். போப் பேச்சு அவரிடம் எடுபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எடுபட்டது.

அத்தையின் பயம் வேறு மாதிரி. உயிர் போகும் நேரத்தில் சாமி பெயரைச் சொல்ல முடியாமல் மயக்கத்தில் கிடந்துவிடுவோமோ என்று. கடைசி நினைவு எதுவோ அதுவே அடுத்த கதி என்று நம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. குழுவின் சீன டாக்டர் மலாயில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வலி தாங்காதபோது சாமியை நினைக்க முடிகிறதா என்று மட்டும் கேட்டார். அத்தை இல்லை என்றார். காலைப் பூஜைக்குத் தெளிவாக இருக்கும்படி மருந்து நேரத்தை நகர்த்திக் கொடுத்தார்கள். பெரியாழ்வாருக்கே இந்தப் பயம் இருந்திருக்கிறது. கடைசியில் உடம்பு தளர்ந்து நினைக்க முடியாமல் போகலாம் என்றுதானே, அந்த நேரத்துக்கானதை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டார்!

நோயாளியிடம் அவர் நம்பிக்கையைப் பற்றி வாய்விட்டுக் கேட்பது இந்தக் குழுவின் வழக்கம். பினாங்கு மாதிரி ஊரில் கேட்காமல் வேலை நடக்காது. மலாய்க்காரர் வீட்டில் குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருப்பார்கள், காதருகே கலிமா சொல்லிக் கொடுப்பார்கள். சில பௌத்த வீடுகளில் உயிர் போன பிறகு எட்டு மணி நேரம் உடலைத் தொடக் கூடாது, அமிதாப புத்தர் நாமம் ஓடிக்கொண்டிருக்கும். கத்தோலிக்க வீட்டில் நோயில்பூசுதலுக்குப் பாதிரியார் வருவார். எங்கள் வீட்டில் என்ன என்று மிஸ்ஸி கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னோம். அத்தையை யாரும் கேட்கவில்லை.

ஏனென்றால் அத்தைக்கு விஷயம் தெரியாது என்று எல்லாரும் நடித்துக்கொண்டிருந்தோம். வயிற்றில் புண், ஆறிவிடும் என்பதுதான் வீட்டின் அதிகாரபூர்வ அறிவிப்பு. சொன்னால் மனசு உடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்பது சித்தப்பாவின் கட்சி. அத்தான், அதாவது அத்தையின் மகன், இரண்டு பக்கமும் தலையாட்டினார். குழுவினர் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. நாங்களாகச் சொல்ல மாட்டோம், ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மிஸ்ஸி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "அம்மா, உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். அத்தை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவங்க சொல்ல மாட்டாங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார். அப்புறம் வரிசையாக வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு பால்குடம் பாக்கி இருக்கிறது, பேத்தி எடுக்க வேண்டும். சங்கிலி யாருக்கு, வளையல் யாருக்கு. மூக்கில் டியூப் வேண்டாம். திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கூடாது. இருபது வருஷமாகப் பேசாத ஓரகத்தியை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர் நிபோங் திபாலிலிருந்து மறுநாளே வந்தார்.

உண்மையை மறைப்பது பாசம் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. வேண்டுதலை முடிப்பதும், கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதும், மனஸ்தாபம் தீர்ப்பதும்தான் நம் சமயம் கடைசி காலத்துக்குச் சொல்லும் வேலை. போகப் போகிறோம் என்று தெரியாதவர் அதை எப்படிச் செய்வார்?

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீடு இரண்டாகியது. அத்தை இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் வேண்டாம் என்றதும், "பட்டினி போட்டுக் கொல்றீங்களா?" என்று சித்தப்பா கத்தினார். பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விட்டதைச் சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தார். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சோழன் பசியோடு இருந்து சாப்பாட்டை விட்டவன், அத்தைக்குப் பசியே இல்லை. ஒடுங்கிக்கொண்டிருக்கும் உடம்புக்குள் டியூப் வழியாகப் பாலை இறக்கினால் தெம்பு வராது, அது நுரையீரலுக்குள் போய்ச் சளியும் மூச்சுத் திணறலும்தான் மிஞ்சும் என்று டாக்டர் விளக்கினார். கடைசியில் டாக்டரின் விளக்கத்தைவிட, டியூப் வேண்டாம் என்று அத்தை தன் வாயால் சொல்லியிருந்ததுதான் சித்தப்பாவை நிறுத்தியது.

கடைசி நாட்களில் சொந்தக்காரர்கள் சொம்பும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு வாயில் பால் ஊற்ற வேண்டும், ஒருவர் ராமேஸ்வரத்துத் தீர்த்தம் வைத்திருந்தார். விழுங்க முடியாதவருக்கு ஒரு மடக்கு ஊற்றினாலும் புரையேறும். கூடாது என்று சொன்னால் காலத்துக்கும் மனக்குறை. மிஸ்ஸி தடுக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொன்னார், வாய் காயாமல் இருக்க அதை எப்படியும் அடிக்கடி செய்ய வேண்டும் என்றார். எல்லாரும் வரிசையில் நின்று ஒற்றினார்கள். யாருக்கும் குறை இல்லை, அத்தைக்கும் ஒரு இருமல் இல்லை.

சிவபுராணம் பாட ஆள் தேடியது தனிக் கதை. உயிரோடு இருப்பவர் வீட்டில் அதற்காக வருவது அபசகுனம் என்று ஒருவர் தயங்கினார், இன்னொருவர் எட்டாம் நாள் கூப்பிடுங்கள் என்றார். கடைசியில் திருமுறை வகுப்புப் பெண்கள் சிலர் சாயங்காலத்தில் வந்து பாடினார்கள். கேட்க முடிகிறபோதே பாட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருந்தது. கோயில்கள் இதை ஒரு சேவையாகவே எடுத்துச் செய்யலாம். அன்னதானத்துக்கு இருக்கும் ஆர்வத்தில் கால்வாசி போதும்.

அத்தை வீட்டிலேயே, விடியற்காலையில் போனார். வீட்டில் இறந்தால் டாக்டரின் கடிதத்தையும் இறந்தவரின் ஐசியையும் (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பெர்மிட் வாங்க வேண்டும் என்பதுதான் அப்போதைய நடைமுறை. புதைப்பதற்கான பெர்மிட் என்று பெயர், எரிப்பதற்கும் அதுவேதான். பிறகு தேசியப் பதிவகத்திலும் பதிய வேண்டியிருந்தது. குழு எல்லாவற்றையும் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் அத்தானுக்கு அலைச்சல் இல்லை.

சொன்னதால்தான் அக்கா போய்விட்டார் என்று சித்தப்பா இன்னமும் சொல்கிறார். நான் வாதாடுவதில்லை.

காரியம் முடிந்த பிறகு அத்தான், தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா என்று கேட்டார். மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் நோயாளி தெளிவாக எழுதி வைத்த மறுப்பை டாக்டர் மதிக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி சொல்கிறது. சரி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு மனைவியிடம் நீட்டினால், நல்ல நாளும் அதுவுமாய் இதென்ன பேச்சு என்று அடுப்படிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து போட்டுக் கொடுத்தார். போடும்போதே, தனக்கும் ஒரு தாள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.