கிரீட் ஐகான் வாங்குமுன் நெற்றித் துணியைப் பாருங்கள்

கிரேக்கத் தீவான கிரீட்டின் ஹெராக்லியோன் நகரக் கடைகளில் ‘கையால் வரைந்தது’ என்று விற்கும் ஐகான்களில் (பலகையில் வரையும் கிறிஸ்தவப் புனிதப் படங்கள்) ‘மாத்ரே தெல்லா கொன்சோலாட்சியோனே’ (ஆறுதலின் அன்னை) வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மரியாள், கையில் குழந்தை, தங்கப் பின்னணி. 15ஆம் நூற்றாண்டு ஓவியர் நிக்கோலாவோஸ் ஸாஃபுரிஸோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு. முகம் பைசாந்தியம் (பழைய கிழக்கு ரோமப் பேரரசின் பாணி), உடுப்பு இத்தாலி. இரண்டும் கைவராதவர் எங்கே சறுக்குகிறார் என்பது இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் நெற்றி. முக்காட்டுக்குள் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி இருக்கும். அதனூடாக அடிநிறம் தெரிய வேண்டும். மலிவான பிரதிகளில் காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. காரணம் டைட்டானியம் வெள்ளை. அது அடியில் இருப்பதை அப்படியே மூடிவிடும். பழைய ஓவியர்களின் ஈய வெள்ளை, நீர்க்கப் பூசினால் மறைக்காது. ஈயம் நஞ்சு என்பதால் விவரம் தெரிந்த பட்டறைகள் துத்தநாக வெள்ளைக்குப் போகின்றன.

முகத்துக்குக் கரும்பச்சை கலந்த பழுப்பை முதலில் முழுக்கப் பூசி, மேலே காவி மஞ்சளை ஏற்ற வேண்டும். ஓரங்களில் அடிநிறம் நிழலாக மிஞ்சும். கண்ணுக்குக் கீழே மயிரிழை வெள்ளைக் கோடுகள் கடைசியில். நேராக ரோஸ் நிறத்தில் தொடங்கிய முகம் காலண்டர் படம்தான்.

மொத்தமாகச் செய்வதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். 1499 ஜூலையில் இதே ஊரில் (அப்போது காந்தியா) மூன்று ஓவியர்களிடம் 45 நாளில் 700 மரியாள் படங்கள் கேட்டு ஒப்பந்தம் ஆனது: 500 லத்தீன் (இத்தாலியப்) பாணி, 200 கிரேக்கப் (பைசாந்தியப்) பாணி. வேகம் அன்றும் இருந்தது, அடித்தளம்தான் வேறு.

அடித்தளம் என்றால் பலகை, அதில் ஒட்டிய லினன் துணி, மேலே முயல்தோல் வச்சிரத்தில் (பசை) குழைத்த சாக் பொடி எட்டுப் பத்துப் பூச்சு. மேல்பூச்சில் வச்சிரம் கீழதைவிடக் கூடினால் வெடிப்பு விழும். பல கடைகளில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அக்ரிலிக் ப்ரைமர் அடித்ததோடு சரி.

தங்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரேக்குகள் (மெல்லிய தங்கத் தாள்கள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்பு லேசாகத் தெரிந்தால் ரேக்கு ஒட்டியது. பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. ரேக்கிலும் பித்தளை உண்டு, அது நாளடைவில் கறுக்கும். அதனால் எத்தனை காரட் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.