மூன்று கோடை ஓடிய கோல்ட் ப்ரூ ஜாடி: காப்பி அருமை, வலைக்குழாய்தான் வினை

காப்பித்தூளைக் காய்ச்சாமல் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து இறக்கும் கோல்ட் ப்ரூ ஜாடியின் விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று தேவகோட்டை ஆச்சி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, நடுவில் தூள் போட எவர்சில்வர் வலைக்குழாய், ரப்பர் வளையம் போட்ட மூடி. மூன்று கோடையாக வாரம் இரண்டு முறை காப்பி போட்டாயிற்று. போன மாதம் குழாயின் அடித்தட்டு ஒட்டு விட்டுப்போய் மாற்ற வேண்டி வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

அந்த வலை ரவையைப் பிடிக்கும், மாவைப் பிடிக்காது. காரைக்குடிக் காப்பிக்கடையில் ஃபில்டருக்கென்று அரைத்துத் தரும் தூளைப் போட்டால் நைஸ் எல்லாம் வழியாக இறங்கி ஜாடி அடியில் மண்டியாகத் தங்கும். கடைசி டம்ளர் நாக்கில் நறநற என்றிருக்கும். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் மோசம். பச்சைத் தண்ணீரிலேயே சிக்கரி சாயத்தை விட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் ஜாடி கறுத்து, கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கிவிட்டதாகத் தோன்றும். காப்பி அதற்குள் பாதிகூட இறங்கியிருக்காது. ஊறிக் குழைந்த சிக்கரி வலைக்கண்ணில் களிம்பாக அப்பிக்கொள்ளும். குழாயைத் தூக்கிப் பிடித்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வடியும்.

ஆகவே பாதிக் குற்றம் தூளுடையது. 80க்கு 20, 70க்கு 30 என்று கேட்டுப் பழகிய வாய், இதற்கு மட்டும் ‘சிக்கரி வேண்டாம்’ என்று சொல்லியாக வேண்டும். கொட்டை வகையில் பிளான்டேஷன் ஏ, பீபெரி இரண்டுமே நன்றாக வரும். மெஷினைத் தளர்த்தி அரிசிக் குருணை பதத்துக்கு அரைக்கச் சொல்லுங்கள். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. முன்னால் அரைத்தவரின் நைஸ் தூளும் சிக்கரியும் அதோடுதான் வரும். வீட்டு மிக்ஸியானால் ஒவ்வொரு நொடியாக விட்டுவிட்டு ஓட்டி, சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் பொடியை வீணாக்க வேண்டாம், காலைக் காப்பிக்கு ஃபில்டரில் போட்டுவிடலாம்.

அளவு: குருணைத் தூள் 80 கிராம், தண்ணீர் 800 மில்லி. குழாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தூள் வேண்டாம், ஊறினால் உப்பும். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் கையில் கிடைப்பது 640 மில்லி சுமார். மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றிவிடாதீர்கள். 16 மணி நேரம் கழித்துக் குழாயைக் கவிழ்த்தால், வெளிப்பக்கம் கறுத்துக் குளிர்ந்த சேறு, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளிறிய உலர்ந்த தூள் பொலபொலவென்று உதிரும். அவ்வளவும் தண்டம். முதலில் 150 மில்லி ஊற்றி, கரண்டிக் காம்பால் அடிவரை கிளறி, பத்து நிமிடம் விட்டு மீதியை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. நேற்று வறுத்த கொட்டை என்றால் உள்ளே இருக்கும் வாயுவால் தூள் மேலே மிதக்கும். வறுத்து நாலைந்து நாள் ஆனதாகக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து மே மாதச் சூட்டில் அடுப்பு மேடையில் ஊற வைக்கிற பேச்சே கூடாது. கசப்பு ஏறும், கெட்டுப்போகவும் வழி உண்டு. ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில் அல்லாமல் உள்தட்டில், 16 முதல் 18 மணி நேரம். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் உப்பானால் காப்பியின் புளிப்பு மழுங்கிச் சப்பென்று ஆகும். காரைக்குடிச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் வருகிற காப்பி இருக்கிறதே! கசப்பு அடங்கி, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ச்சி ஆறவைத்த பாலைச் சரிபாதி சேர்க்கலாம். குளிர்ந்ததில் சீனி லேசில் கரையாது. கருப்பட்டியைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, அந்தப் பாகை ஊற்றிப் பாருங்கள். மூன்று வருடத்தில் அலுக்கவில்லை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை, மூக்கும் சிந்தாமல் ஊற்றுகிறது.

ஆனால் கழுவுவது பெரும்பாடு. காப்பி எண்ணெய் வலையிலும் வளையத்திலும் படிந்து, சிக்கு வாடை அடுத்த காப்பியில் ஏறும். வாரம் ஒருமுறை அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து 20 நிமிடம் ஊற வைத்து, பாட்டில் பிரஷால் வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும். கம்பி நார் பட்டால் கண் விரிந்துவிடும். வளையத்தைக் கழற்றித் தனியாக வெயிலில் காய வைக்காவிட்டால் ஃபிரிட்ஜில் இருக்கும் உப்புக்கண்ட வாடை அதில் ஏறிக்கொள்ளும்.

அடித்தட்டு விட்டதும் பாத்திரக் கடையில் பற்றவைக்கப் பார்த்தாயிற்று, வலை மெலிசு, நிற்கவில்லை. ஈயம் வைக்கலாம் என்றார்கள். காப்பி 18 மணி நேரம் ஊறுகிற இடத்தில் ஈயமா? தயாரித்தவர்களோ குழாயைத் தனியாக விற்பதில்லை, முழு ஜாடியையும் வாங்கச் சொல்கிறார்கள். நல்ல கண்ணாடி ஜாடி இரண்டாக நிற்கிறது இப்போது.

வாங்காதீங்க ஆச்சி. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், குழாயைத் தனியாக விற்கிற வரைக்கும். வீட்டு ஊறுகாய் ஜாடியில் இதே அளவுக்குத் தூளை அப்படியே ஊறப்போட்டு, வெந்நீரில் அலசிய மல் துணியை இரண்டாக மடித்து வடித்துவிடுங்கள். துணியைப் பிழிய மட்டும் வேண்டாம், மண்டி இறங்கிவிடும்.